குடுவையில் வளரும் கன்றும் நம் கைக்கு வரும் கன்றும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டபோது ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்கள். "எங்க குழுக்கள்ல நிறைய பேர் டிஷ்யூ கல்ச்சர் வாழை போடக் கடன் கேக்கறாங்க. கூட்டமைப்பே ஒரு நாற்றங்கால் போடலாம்னும் பேச்சு இருக்கு. அந்தக் கன்னு எப்படி வருதுன்னு எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்கள். நான் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் கேட்டார்கள்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒரு செடியின் சின்னத் துணுக்கு ஒரு திரவத்துக்குள் எப்படி முழுச் செடியாகிறது என்பது ஒன்று. கன்று வாங்கும்போதும் நாற்றங்கால் போடும்போதும் நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் விஷயம் தெரியாமல் இரண்டாவதில் இறங்கினால் நட்டப்படுவது நம் சேமிப்புப் பணம்தான்.

கேரட்டும் தேங்காய்த் தண்ணீரும்

முருங்கைக் கொம்பை நட்டால் மரமாகிறது. செம்பருத்திக் குச்சியை ஊன்றினால் துளிர்க்கிறது. இது நமக்குப் புதிது இல்லை. அந்தக் கொம்பு சின்னதாகிக்கொண்டே போனால்? ஒரு விரல் அளவு, ஒரு நகம் அளவு, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு செல்? செல் என்றால் செடியின் உடம்பு கட்டப்பட்டிருக்கும் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு செங்கல்லிலிருந்து வீடு முழுக்க எழும்புமா?

எழும்ப வேண்டும் என்று 1902-ல் ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி ஹேபர்லாண்ட் எழுதினார். இலையிலிருந்து செல்களைத் தனியாகப் பிரித்து, சர்க்கரை கலந்த திரவத்தில் போட்டுப் பார்த்தார். செல்கள் சில வாரம் உயிரோடு இருந்தன, ஆனால் பெருகவில்லை. எண்ணம் சரி, சாப்பாடுதான் பத்தவில்லை.

அந்தச் சாப்பாடு எங்கே கிடைத்தது தெரியுமா? தேங்காய்க்குள்! 1941-ல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்பவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும், ஊமத்தை விதைக்குள் இருக்கும் மிகச் சின்னக் கருவைத் தனியே எடுத்து வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்தார்கள். கரு வளர்ந்தது. யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. அந்தத் தண்ணீர், தேங்காய் தன் குருத்துக்காகக் கட்டி வைத்த சாப்பாடு. நாம்தான் இடையில் புகுந்து குடித்துவிடுகிறோம்.

பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் என்பவர் கேரட்டிலிருந்து சின்னச் சின்னத் துண்டு வெட்டி, தேங்காய்த் தண்ணீர் கலந்த திரவத்தில் போட்டு, குடுவைகளை ஒரு சக்கரத்தில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டார். துண்டுகளிலிருந்து செல்கள் உதிர்ந்து திரவத்தில் மிதந்தன. மிதந்த செல்கள் பெருகிச் சின்னக் கொத்துகளாகி, வேர்விட்டு, துளிர்விட்டு, முழுக் கேரட் செடிகளாகின. 1958-ல் அவர் அதை வெளியிட்டார். திரவத்தில் செல் வளர்ப்பு என்று இன்றைக்குச் சொல்வதில் இந்த வழிக்கும் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டுப் பெண் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 1964-ல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, மகேஷ்வரி என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ஊமத்தைப் பூவின் மகரந்தப் பையை வளர்ப்பில் வைத்து, மகரந்தத் தூளிலிருந்தே கருக்களை உருவாக்கிக் காட்டினார். உலகத்தில் அதுதான் முதல் தடவை. பல நாட்டுப் பயிர் விஞ்ஞானிகள் அந்த வழியை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

திரவத்துக்குள் என்ன இருக்கிறது?

மருந்து, விஷம், மாயம் எதுவும் இல்லை. நாம் வயலில் போடும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு, இரும்பு, துத்தநாகம் எல்லாம் அளந்து போட்ட தண்ணீர். எந்தெந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று 1962-ல் முராஷிகி, ஸ்கூக் என்ற இருவர் எழுதிவைத்த கணக்கைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. அதோடு கொஞ்சம் வைட்டமின். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை. சர்க்கரை எதற்கு? குடுவைக்குள் இருக்கும் துணுக்கு வெயிலில் சமைத்துச் சாப்பிடும் அளவுக்கு வளரவில்லை. அதனால் ஆக்கிய சோற்றை நாமே ஊட்டுகிறோம்.

கடைசியாக வளர்ச்சி ஊக்கி. லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஒரு வகை கூடினால் வேர் வரும், இன்னொரு வகை கூடினால் துளிர் வரும், இரண்டும் சமமாக இருந்தால் வெறும் சதைக்கட்டியாகப் பெருகும். உப்பும் புளியும் மாதிரி அந்த விகிதத்தில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

இந்தத் திரவத்தை 121 டிகிரி சூட்டில், 15 பவுண்டு அழுத்தத்தில், 15 முதல் 20 நிமிடம் வேகவைக்கிறோம். உங்கள் வீட்டுக் குக்கரில் வெயிட் போட்டு விசில் வரும்போது உள்ளே இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய இதேதான். சர்க்கரைத் தண்ணீர் செடிக்கு மட்டுமா பிடிக்கும்? காற்றிலும் நம் கையிலும் இருக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது விருந்து. செடி ஒரு மாதத்தில் வளர்வதற்குள் அவை ஒரே ராத்திரியில் குடுவையை நிரப்பிவிடும். அதனால்தான் வடிகட்டிய காற்று வீசும் மேசையில், முகத்தை மூடி, ஸ்பிரிட்டில் கை துடைத்து, கத்தியை ஒவ்வொரு தடவையும் சுட்டுச் சுட்டு வெட்டுகிறோம். பக்கத்திலேயே விளக்கு எரியும்; கையில் ஸ்பிரிட் ஈரம் காயாமல் கத்தியைச் சுடப் போனால் தீக்காயம்தான். நான் பார்த்த ஆய்வகங்களில் இந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கண்ணும் கையும் முதுகும் தாங்கினால்தான் இந்த வேலை நிற்கும்.

திரவத்தில் ஒரு நன்மை, ஒரு தொல்லை

சாதாரணமாகத் திசு வளர்ப்பில் அந்தச் சத்துத் தண்ணீரை அகர் போட்டுக் கட்டியாக்கி, அதன் மேல் துணுக்கை நிறுத்துவார்கள். அகர் என்றால் நோன்பு மாதத்தில் ஜெல்லி செய்கிறோமே, அந்தக் கடல்பாசி. ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். அது விலை கூடிய சரக்கு. கட்டியாக்காமல் திரவமாகவே வைத்தால் அகர் செலவு மிச்சம். சத்து எல்லாப் பக்கமும் செடியைத் தொடும், வளர்ச்சியும் வேகம். துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நடும் வேலையும் குறையும்.

தொல்லை என்ன? செடிக்கு மூச்சுவிட வேண்டும். முழுக்க மூழ்கியே கிடந்தால் இலை கண்ணாடி மாதிரி பளபளத்து, நீர் கோத்து, தொட்டால் ஒடிந்துவிடும். தண்ணீர் தேங்கிய தொட்டியில் செடி அழுகுவதைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, அதேதான். அதனால் செல்களை வளர்க்கும் குடுவைகளை ஷேக்கர் என்ற மேடையில் வைத்து இரவும் பகலும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். காற்று கலக்கும்; செல்களும் அடியில் படியாமல் மிதக்கும். மின்சாரம் நின்றால் ஆட்டம் நிற்கும், செல்கள் மூச்சுத் திணறும்.

வாழைத் துளிர்களுக்கு இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், வாழைத் துணுக்குகளைப் பல விதமாகத் திரவத்தில் வைத்துப் பார்த்தார்கள். எப்போதும் மூழ்கிக் கிடந்தவை சரியாகப் பெருகவில்லை. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 20 நிமிடம் மட்டும் திரவம் மேலே ஏறி நனைத்துவிட்டுக் கீழே இறங்கும்படி வைத்தவை நன்றாகப் பெருகின. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வயலுக்குச் சொன்னதைத்தான் அவர்கள் குடுவைக்குள் செய்தார்கள்.

இன்னொரு தொல்லை இதைவிடப் பெரிது. கட்டியான ஊட்டத்தில் ஒரு மூலையில் பூஞ்சை வந்தால் கண்ணுக்குத் தெரியும். திரவத்தில் ஒரே ஒரு கிருமி விழுந்தாலும் கலன் முழுக்கக் கலங்கிவிடும். குடம் பாலில் ஒரு துளி மோர் விழுந்த கதை. அதனால் திரவ வளர்ப்பு வீட்டுத் திண்ணையில் செய்யக்கூடிய தொழில் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ஆய்வகமே வெச்சுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது குழுக்களைத் தேடி வரலாம்.

வாழைப்பூவிலிருந்து, கேரட்டிலிருந்து

வாழைப்பூவை ஆயும்போது மடலுக்கு மடல் சின்னதாகிக்கொண்டே போய், நடுவில் வெள்ளையாக ஒரு குருத்து இருக்கும். குழந்தைக்குத் தின்னக் கொடுப்போம். அந்தக் குருத்துக்குள் இருக்கும் முற்றாத ஆண் பூக்களை எடுத்து, பல மாதம் வளர்த்து, கருவாகும் குணமுள்ள செல்களைப் பிரித்து, திரவத்தில் மிதக்கவிட்டு ஆட்டி ஆட்டிப் பெருக்குகிறார்கள். ஒரு மில்லி அளவு செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் வாழைக் கருக்கள் வரும். 1993-ல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இந்த வேலை நடக்கிறது. ஆனால் இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்கும் ஜி-9 கன்று பெரும்பாலும் இப்படி வந்ததில்லை. கிழங்கின் நுனிக் குருத்தை வெட்டி, துளிர்க்கவைத்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கியதுதான்.

செடிக்கு மட்டும் இல்லை, மருந்துக்கும் இந்தத் திரவம் உதவுகிறது. கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் பாக்லிடாக்சல் என்று ஒரு மருந்து தருகிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது போட்டுக்கொண்டிருக்கலாம். முதலில் அது அமெரிக்கக் காட்டு மரமான பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். நோயாளியைக் காப்பாற்ற மரத்தைக் கொல்ல வேண்டிய நிலை. இப்போது யூ மரத்தின் செல்களை மட்டும் பெரிய கலன்களில் திரவத்தில் வளர்த்து மருந்தை எடுக்கிறார்கள். ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளும் கலன்கள்கூட உண்டு. அதேபோல் கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கு, கேரட் செல்களைப் பிளாஸ்டிக் பைகளில் திரவத்தில் வளர்த்து ஒரு மருந்து செய்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஸ்டூவர்ட் சுற்றவிட்ட கேரட் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

வாங்கும் கன்றில் எதைப் பார்க்க வேண்டும்?

இப்போது நம் பணத்துக்கு வருகிறேன். 6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 கன்று. ஒரு கன்றுக்கு ரூபாய் இத்தனை என்று பெருக்கிப் பாருங்கள், அப்புறம் உரம், சொட்டுநீர், முட்டு. அத்தனையும் கடன் பணம். அதனால் மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும்.

முதலாவது, தாய் யார் என்று கேளுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு துளிர் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுச் சுற்றில் 6,561. அத்தனையும் அந்தத் தாயின் அச்சு. தாய் நல்லதென்றால் 6,561-ம் நல்லது. தாய்க்குள் வைரஸ் இருந்தால்? குடுவையில் வளர்த்ததால் வைரஸ் தானாகப் போய்விடாது. குக்கரில் வேகவைத்தது திரவத்தைத்தான், செடியை வேகவைக்கவில்லையே! முடிக்கொத்து நோய் என்ன செய்யும் என்று பழனி மலைக்காரர்களைக் கேளுங்கள். விருப்பாச்சி மலைவாழை அந்த நோயில் பெரும் பரப்பை இழந்தது. பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வைரஸ் இல்லை என்று சோதித்த தாய்ச்செடிகளிலிருந்து திசு வளர்ப்பில் கன்று எடுத்துக் கொடுத்துத்தான் அந்த வாழையை மீட்க முயன்றது. ஒரே தொழில்நுட்பம்தான். சோதித்தால் மருந்து, சோதிக்காவிட்டால் நோயைப் பரப்பும் வண்டி.

அதற்காகத்தான் மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறை 2006-லிருந்து திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு ஒரு தேசியச் சான்றளிப்பு முறை வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் வைரஸ் சோதனை செய்து, கன்றுத் தொகுதிக்குச் சான்று தருவார்கள். "சான்று இருக்கா? இந்தத் தொகுதிக்கான சான்றுதானா? தொகுதி எண்ணைப் பில்லில் எழுதுங்க" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். வங்கி நம்மிடம் எத்தனை காகிதம் கேட்கிறது!

இரண்டாவது, நோய் இல்லாத கன்று வேறு, நோயைத் தாங்கும் கன்று வேறு. சுத்தமான கன்றை நட்ட பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்து அசுவினி பறந்து வந்தால் முடிக்கொத்து வரும். மண்ணில் வாடல் நோய்க் கிருமி இருந்தால் அதுவும் பிடிக்கும். "டிஷ்யூ கல்ச்சர் போட்டா நோயே வராதுங்க" என்று யாராவது சொன்னால், அவர் விற்க வந்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லாம் ஒன்றுபோல் வளர்ந்து ஒன்றாக வெட்டுக்கு வரும். இது நல்ல குணம். மொத்தமாக வியாபாரியிடம் பேசலாம். ஆனால் நம் கூட்டமைப்பில் 40 பேர் ஒரே வாரத்தில் நட்டால், 40 பேர் தாரும் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போகும். விலையை அப்போது யார் தீர்மானிப்பார்கள்? நடவை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதைப் பேசி முடிவு செய்யத்தான் கூட்டமைப்பு இருக்கிறது.

நாற்றங்கால் போடலாமா?

ஆய்வகம் வேண்டாம் என்றேன். நாற்றங்கால் போடலாம். ஹார்டனிங் என்கிறார்களே, கன்றைப் பக்குவப்படுத்தும் வேலை, அது நமக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு இறங்க வேண்டும்.

குடுவையிலிருந்து வரும் செடி எப்படிப்பட்டது? 25 டிகிரி ஏசி அறையில், ஈரக் காற்றில், சர்க்கரைச் சோறு தின்று வளர்ந்தது. இலையில் மெழுகுப் பூச்சு கிடையாது. இலையின் துளைகளுக்கு மூடத் தெரியாது. வேர் மண்ணையே பார்த்ததில்லை. திரவத்தில் வளர்ந்தது என்றால் இன்னும் மென்மை. அதை வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். தாய்ப்பால் மறக்கடிக்கும் குழந்தைக்கு முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு என்று போவோம் இல்லையா? அப்படித்தான். வேரில் ஒட்டிய ஊட்டத்தை முதலில் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரையில் பூஞ்சை பிடிக்கும். பிறகு தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, பாலித்தீன் கூடாரத்துக்குள் ஈரம் காத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். புது இலையும் புது வேரும் வந்த பிறகு மண் பைக்கு மாற்றி நிழல்வலையின் கீழ் இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம். ஐந்தாறு இலை விட்டால் வயலுக்குத் தயார்.

மாறிப்போன கன்றைப் பொறுக்கி எடுப்பதும் அங்கேதான். குட்டையாக நிற்பது, இலை குறுகித் தடித்து ரப்பர் மாதிரி இருப்பது, நிறத்தில் திட்டுத் திட்டாக இருப்பது, இவை நல்ல தார் போடாது. பல சுற்று பெருக்கினால் இப்படிச் சில வரத்தான் செய்யும். அதனால்தான் எட்டுச் சுற்றுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். அரிசியில் கல் பொறுக்கும் கண் இருந்தால் போதும், ஆனால் இரக்கப்பட்டு விட்டுவைக்கக் கூடாது. அந்தக் கன்று போய்ச் சேரப்போவது இன்னொரு குழுச் சகோதரியின் வயலுக்கு.

கணக்கையும் முதலிலேயே போடுங்கள். 10,000 கன்று இறக்கி, நூற்றுக்குப் பத்து செத்தால் 1,000 கன்று போச்சு. மீதி 9,000 கன்றுதான் முழுச் செலவையும் சுமக்க வேண்டும். அந்தச் சாவு யார் கணக்கு? ஆய்வகத்திலிருந்து வந்தபோதே வாடியிருந்தால் அவர்கள் மாற்றித் தருவார்களா? எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? இதெல்லாம் எழுத்தில் வேண்டும். நீர் தெளிக்கும் முறை ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பொங்கலன்றும் உண்டு, பெரிய கல்யாணத்தன்றும் உண்டு. யார் முறை என்று பதிவேடு வேண்டும். கூலியையும் செலவில் எழுதுங்கள். "நம்ம வேலைதானே" என்று பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் காட்டினால் அது பொய்க் கணக்கு.

என் யோசனை இது. முதல் வருடம் சின்னதாக ஒரு தொகுதி மட்டும், நம் உறுப்பினர்களே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு. முன்கூட்டியே யாருக்கு எத்தனை கன்று என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். முன்பு சோதித்த தாய், சான்று பெற்ற தொகுதி, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய் குறைவு என்று சான்று இல்லாத கன்றுக்குப் போகாதீர்கள். ஒரு பருவம் முடிந்ததும் எத்தனை பிழைத்தது, எத்தனை தார் வந்தது, என்ன விலை போனது என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த மகாசபையில் அந்தக் கணக்கை வைத்து மேலே போகலாமா வேண்டாமா என்று தீர்மானம் போடுங்கள்.

ஒரு செல்லுக்குள் முழு வாழையும் இருக்கிறது என்பது உண்மை. சுத்தம், அளவான சாப்பாடு, சரியான நேரத்தில் ஈரம், சரியான நேரத்தில் காற்று, இத்தனையும் கிடைத்தால்தான் அது வெளியே வரும். குழு நடத்தும் உங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடைவேளையில் கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் வாருங்கள். குழித்தட்டில் நான்கு கன்றும், ஒரு குடுவையில் துளிரும் கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடுவையை மட்டும் திறந்துவிடாதீர்கள்!